பம்ப் ரேட் போடத் தெரிந்தவருக்கு ஜிஆர்இ கணக்கு ஏன் பயமுறுத்துகிறது?

கேள்வியின் சுருக்கம்: "அக்கா, எனக்கு வயது 36. திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். அமெரிக்காவில் ஒன்பது வருடமாக ஐசியு வேலை. நர்ஸ் அனஸ்தீட்டிஸ்ட் (மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்) படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வைக் கேட்கிறார்கள். இன்னும் ஏழு வாரம்தான். மாதிரித் தேர்வில் கணக்குப் பகுதி திறந்ததும் கை நடுங்குகிறது. ஒரே கேள்வியை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறுவதில்லை. டியூட்டியில் ஒருநாளும் எனக்கு இப்படி ஆனதில்லை. நான் இதற்கு லாயக்கில்லையோ?"

லாயக்கு பற்றிய கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு ஃபோன் போடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தையும் கூப்பிட்டு, உங்கள் விஷயத்தில் ஜிஆர்இ கட்டாயமா என்று கேளுங்கள். சீனியர்கள் சொன்னதை வைத்தோ, மூன்று வருடத்துக்கு முன்பு சேர்ந்த தோழி சொன்னதை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். நர்சிங் மேற்படிப்பு நடத்தும் பல அமெரிக்கக் கல்லூரிகள் இந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டன. சில இடங்களில் இளநிலைப் படிப்பில் குறிப்பிட்ட ஜிபிஏ (சராசரி கிரேடு) இருந்தால் விலக்கு, சில இடங்களில் ஏற்கெனவே மாஸ்டர்ஸ் இருந்தால் விலக்கு. அனஸ்தீசியா படிப்பில் இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து அந்தப் படிப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் டாக்டரேட் நிலையில்தான் சேர முடியும், இடமும் குறைவு. வந்து குவிகிற விண்ணப்பங்களை வடிகட்ட ஏதாவது ஒரு சல்லடை அவர்களுக்கு வேண்டும்.

நம் ஊரில் வாங்கிய மார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 68 சதவீதம் என்றால் அமெரிக்காவிலும் அது 68தான் என்று பயந்துகொண்டு, அதை ஈடுகட்ட ஜிஆர்இயில் பிரமாதமாக வாங்க வேண்டும் என்று உங்களை நீங்களே அழுத்திக்கொள்ளாதீர்கள். சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம் மார்க்கை அவர்கள் முறைக்கு மாற்றித் தரும். மாற்றிய பிறகு பார்த்தால் பலருக்கு நினைத்ததைவிட நன்றாகவே இருக்கும். அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான் எனக்கே பாதி மூச்சு வந்தது.

சரி, நாலு கல்லூரியில் இரண்டு இடத்திலாவது கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் இந்தத் தேர்வை எழுதியபோது எனக்கு 39 வயது. அப்போது கிட்டத்தட்ட நாலு மணி நேரத் தேர்வு. 2023 செப்டம்பரில் அதைச் சுருக்கி, ஒரு மணி 58 நிமிடம் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் கொடுத்துவைத்தவர். நீங்கள் எழுதிய அதே நடுக்கம் எனக்கும் இருந்தது. எனக்குப் புரியாமல் இருந்ததும் அதேதான்: நோயாளியின் பிரஷர் 60க்குக் கீழே விழும்போது நடுங்காத கை, யாரும் சாகப்போகாத ஒரு கணக்குக்கு ஏன் நடுங்க வேண்டும்?

என் பதில் இதுதான். உங்கள் பயம் கணக்கைப் பற்றியது அல்ல, பள்ளிக்கூடத்தைப் பற்றியது. கணக்கை நீங்கள் தினமும் போடுகிறீர்கள். அதைக் கணக்கு என்று யாரும் சொல்லாததால் பயமில்லாமல் போடுகிறீர்கள், அவ்வளவுதான்.

பிரஷரை ஏற்றும் நார்எபிநெஃப்ரின் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மில்லியில் 4 மில்லிகிராம். நோயாளி 80 கிலோ. டாக்டர் சொல்வது, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். ஒரு மில்லியில் 16 மைக்ரோகிராம் இருக்கிறது. நிமிடத்துக்கு வேண்டியது 8 மைக்ரோகிராம். ஆக நிமிடத்துக்கு அரை மில்லி, மணிக்கு 30 மில்லி. மருந்தைச் செலுத்தும் பம்ப் தானாகவே கணக்குப் போட்டாலும், எண் தப்பாக வந்தால் "இது சரியில்லையே" என்று உங்கள் கண் பிடித்துவிடும்.

இப்போது இதே கணக்குக்கு வேறு சட்டை போடுகிறேன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. 80 கிலோ துணிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 கிராம் வீதம் சாயம் சேர வேண்டும். கரைசலில் லிட்டருக்கு 16 கிராம் சாயம். மணிக்கு எத்தனை லிட்டர் கரைசல் வேண்டும்? விடை 30. ஜிஆர்இயில் இதற்குப் பெயர் விகிதக் கணக்கு. முதலாவதை நின்றுகொண்டே, பக்கத்தில் அலாரம் அடிக்கும்போது போடுகிறவர், இரண்டாவதைப் பார்த்ததும் எட்டாம் வகுப்புப் பெஞ்சுக்குப் போய்விடுகிறார். அங்கே ஒரு வாத்தியார் எப்போதும் நின்றுகொண்டிருப்பார், கையில் பிரம்போடு. எனக்கு இருந்தார்.

இன்னொன்று. நோய்ப் பரிசோதனையின் நம்பகத்தன்மை பற்றி ஆராய்ச்சிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பரிசோதனை சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 10 சதவீதம் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தால் நோய் உண்மையிலேயே இருக்க வாய்ப்பு என்ன? உள்ளவர்களில் 9 பேர், இல்லாத 990 பேரில் 99 பேர், ஆக 108 பாசிட்டிவ். அதில் 9, அதாவது பன்னிரண்டில் ஒன்று. ஜிஆர்இயில் நிகழ்தகவு என்று எல்லாரும் அலறுகிற பகுதியின் கடினமான முனை ஏறக்குறைய இதுதான். சூத்திரம் எதுவும் வேண்டாம், ஆயிரம் பேரைக் கற்பனை செய்து எண்ணினால் போதும். வார்டில் தலை எண்ணுகிற நமக்கு இது கை வந்த வேலை.

அதற்காக எல்லாமே தெரியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தமிழ்நாட்டில் நர்சிங்குக்கு வந்தவர்களில் பலர் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப். கணக்கைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்பில். இயற்கணிதம், வடிவியல், எண்களின் பண்புகள் எல்லாம் துருப்பிடித்துத்தான் இருக்கும். ஆனால் ஜிஆர்இ பள்ளிக்கூடக் கணக்கைத் தாண்டுவதில்லை. கால்குலஸ் கிடையாது, முக்கோணவியலும் கிடையாது. திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முக்கோணவியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, வரிசை மாற்றம், சேர்மானம் என்று கொஞ்சம் சேர்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். திட்ட விலக்கம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கணக்கு தெரியும், கணக்கின் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. பகா எண் என்றால் சட்டென்று 2, 3, 5, 7 என்று வரும். 'பிரைம்' என்று பார்த்தால் ஒரு நொடி தடுமாற்றம். மீப்பெரு பொதுக் காரணி, இடைநிலை, முகடு, செங்குத்து, நாண் எல்லாவற்றுக்கும் இதே கதை. இதில் மோசமான பொறி 'இன்டீஜர்'. அது முழுக்கள், குறை எண்களும் அதில் சேர்த்தி. நாம் முழு எண்கள் என்று நினைத்துக்கொண்டு குறை எண்களை விட்டுவிடுவோம், ஒரு மார்க் போய்விடும். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல், கீழே ஒரு சின்ன உதாரணம் என்று எழுதிவையுங்கள். நான் எழுதியது எண்பது சொல்கூட வரவில்லை. அதை எழுதி முடித்த வாரம்தான் கேள்வியை மூன்று தடவை படிப்பது நின்றது. நீங்கள் பயம் என்று நினைப்பதில் ஒரு பங்கு இந்த மொழிபெயர்ப்புத் தாமதமாகக்கூட இருக்கலாம்.

இனி பயத்துக்கு வருவோம். நர்ஸிடம் உடலைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. இதயம் அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது என்றால் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். 1967இல் லீபர்ட், மோரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் தேர்வுப் பயத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று இந்த உடல் படபடப்பு, இன்னொன்று மனத்துக்குள் ஓடும் கவலைப் பேச்சு. "போச்சு, இதுவும் வராது, மேனேஜரிடம் வேறு சொல்லித் தொலைத்தேன், அம்மாவிடம் என்ன சொல்வது" என்று ஓடுகிறதே, அதுதான் இரண்டாவது. மார்க்கைத் தின்பது பெரும்பாலும் இந்தப் பேச்சுதான், படபடப்பு அல்ல. கணக்குப் போட மூளையில் எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தில் கவலை வந்து உட்கார்ந்தால் எண்ணுக்கு இடமில்லை. கேள்வி மண்டையில் ஏறாமல் போவது இதனால்தான். மூளை மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆகவே இதயம் அடிப்பதை நிறுத்தப் பாடுபடாதீர்கள். அதற்கு வேறு பெயர் வையுங்கள். 2010இல் உளவியலாளர் ஜெரமி ஜேமிசனும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று உண்டு, அதுவும் ஜிஆர்இ எழுதப்போகும் மாணவர்களை வைத்தே. ஒரு பாதிப் பேரிடம் மட்டும், "படபடப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், அது தேர்வைக் கெடுப்பதில்லை, உதவவும் கூடும்" என்று சொன்னார்கள். அந்தப் பாதி மாதிரிக் கணக்குத் தேர்வில் நன்றாகச் செய்தது. பிறகு உண்மையான ஜிஆர்இ எழுதிவிட்டு மதிப்பெண்ணோடு திரும்பி வந்தவர்களிலும் அதே வித்தியாசம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், இதை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு இது புதிதும் அல்ல. கோட் புளூ, அதாவது ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட்டது என்ற அவசர அறிவிப்பு வந்ததும் உங்கள் இதயம் எப்படி அடிக்கும்? அந்த அடிப்புக்கு நீங்கள் பயம் என்று பெயர் வைப்பதில்லை. ஓடுகிறீர்கள், அவ்வளவுதான். அதே அட்ரினலின்தான் இங்கேயும்.

தேர்வுக்கு முன்னால் பத்து நிமிடம் கவலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தள்ளினால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் ஒரு ஆய்வு பிரபலமானது. பின்னால் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, காரில் உட்கார்ந்து எழுதினேன். செலவில்லாத விஷயம், பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

கோட் புளூவில் நாம் நடுங்காததற்கு தைரியம் காரணமல்ல. ஒத்திகை. பொம்மையை வைத்து எத்தனை தடவை அழுத்தியிருப்போம், யார் எங்கே நிற்பது, எந்த மருந்து எப்போது என்று எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்போம். முதல் உண்மையான கோட் புளூவில் நான் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பத்தாவதில் கை தானாகப் போனது. ஆனால் தேர்வுக்குத் தயாராகும்போது மட்டும் நாம் ஒத்திகையை விட்டுவிட்டுப் புத்தகம் வாசிக்கிறோம். சோபாவில் சாய்ந்துகொண்டு, தீர்வைப் பார்த்து "ஆமாம், இது தெரியும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம். அது சிபிஆர் வீடியோ பார்ப்பது மாதிரி. தேர்வு நடத்தும் இடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அவற்றை வீணாக்காதீர்கள். ஒன்றை மூன்றாவது வாரம், இன்னொன்றை ஆறாவது வாரம். மேசை, நாற்காலி, ஃபோன் இன்னொரு அறையில், தேர்வு நேரம் காலை எட்டு என்றால் ஒத்திகையும் காலை எட்டு. இடையில் எழுந்து டீ போடக்கூடாது. இப்போதைய தேர்வில் இடைவேளை கிடையாது, நீங்களாக எழுந்து போனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற நாட்களில் 12 கேள்வி, 21 நிமிடம் என்று துண்டு துண்டாக ஒத்திகை பாருங்கள். நடுங்கும், நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே முடித்த இருபது துண்டுகளுக்கு அப்புறம் உடம்புக்கு அலுத்துவிடும்.

என் பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வரிசையாக மூன்று நைட் டியூட்டி, ஒவ்வொன்றும் 12 மணி நேரம். மூன்றாவது நாள் காலை ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு, "விழித்துத்தானே இருக்கிறோம்" என்று நேராக நூலகத்துக்குப் போய் முழு மாதிரித் தேர்வு எழுதினேன். கணக்கில் முந்தைய தடவையைவிட ஒன்பது மார்க் குறைவு. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அடுத்த இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த மார்க் தூக்கத்தின் மார்க், என்னுடையது அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு நோயாளிக்கு விடியற்காலை எடுத்த ஒரே ஒரு பிரஷரை வைத்து, கஃப் சரியாகச் சுற்றப்பட்டதா என்றுகூடப் பார்க்காமல் நாம் மருந்தை மாற்றுவோமா? மாதிரித் தேர்வு மார்க்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எப்போது எடுத்தது, எந்த நிலையில் எடுத்தது, இதற்கு முன் எவ்வளவு என்று சேர்த்துப் பாருங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையில் சொல் அட்டை புரட்டலாம், பழைய தவறுகளைப் பார்க்கலாம். மார்க் போடும் எதையும் செய்யாதீர்கள்.

டியூட்டிப் பழக்கங்களில் இன்னொன்றும் இங்கே நமக்கு எதிரி. மருந்து கொடுப்பதில் இரண்டு முறை சரிபார்ப்பது நம் ரத்தத்தில் ஊறியது. ஹெப்பாரின், இன்சுலின் என்றால் இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டுவோம். ஜிஆர்இயில் ஒவ்வொரு விடையையும் அப்படிச் சரிபார்த்தால் கடைசி நாலு கேள்விக்கு நேரமே இருக்காது. கணக்கின் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாம் பகுதியில் 15 கேள்விக்கு 26 நிமிடம், அதாவது கேள்விக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம்கூட முழுதாக இல்லை. இங்கே தேவைப்படுவது மருந்து அறைப் பழக்கம் அல்ல, விபத்துக் களத்தில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் ட்ரையாஜ். பெரும் விபத்தில் வருகிறவர்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பட்டை கட்டுவோமே, அதே மாதிரி. பார்த்ததும் வழி தெரிகிறதா, உடனே போடுங்கள். வழி தெரிகிறது, ஆனால் நீளம் என்றால் அடையாளம் வைத்துவிட்டு நகருங்கள்; திரையில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது, அந்தப் பகுதிக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். முப்பது நொடி பார்த்தும் தலை கால் புரியவில்லையா, அது கறுப்புப் பட்டை. ஏதாவது ஒரு விடையைத் தட்டிவிட்டுப் போய்விடுங்கள். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடக்கூடாது. கறுப்புப் பட்டை கட்டிவிட்டு நகர்வது வார்டில் மனசு கேட்காத காரியம். இங்கே அதில் பாவமில்லை.

ஒப்பீட்டுக் கேள்விகள் என்று ஒரு வகை வரும். இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு. எது பெரியது, இரண்டும் சமமா, அல்லது சொல்ல முடியாதா? "சொல்ல முடியாது" என்பதைத் தேர்ந்தெடுக்க நமக்குக் கை வராது, ஏனென்றால் வார்டில் அப்படிச் சொல்லிவிட்டு நிற்க முடியாது. உதாரணத்துக்கு எக்ஸா, எக்ஸின் வர்க்கமா, எது பெரியது என்று கேட்டால், 2 என்று வைத்தால் வர்க்கம் பெரியது, அரை என்று வைத்தால் எக்ஸ் பெரியது, 1 என்று வைத்தால் சமம். ஆக விடை, சொல்ல முடியாது. பூஜ்யம், ஒன்று, பின்னம், குறை எண் என்று நாலையும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வகை கிட்டத்தட்ட இலவச மார்க்.

ஒரு எச்சரிக்கை. முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். இரண்டாம் பகுதி திடீரென்று கடினமாகத் தெரிந்தால் பலர் உடைந்து போகிறார்கள். அது நீங்கள் முதல் பகுதியை நன்றாகச் செய்ததன் விளைவாக இருக்கலாம். எளிதாகத் தெரிந்தால் "முதல் பகுதியில் கோட்டைவிட்டோமோ" என்று இன்னொரு வகைப் பயம். தேர்வுக்குள் உட்கார்ந்துகொண்டு தேர்வுக்கு டயக்னோஸிஸ் போடாதீர்கள்.

ஆங்கிலப் பகுதியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காதவர்கள் பெரும்பாலும் அதை ஏற்கெனவே கைகழுவிவிட்டவர்கள். அவசரப்படாதீர்கள். ஜிஆர்இ சொற்பட்டியலைக் கையில் எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பாதி நாம் நோயாளியைப் பற்றி எழுதும் சார்ட்டிலேயே இருக்கிறது. சளி டெனேஷியஸ் என்று எழுதுகிறோம், விடாமல் ஒட்டிக்கொள்வது. பட்டியலில் அது விடாப்பிடியான ஆள். கட்டி இன்டொலென்ட் என்றால் மெதுவாக வளர்வது; பட்டியலில் சோம்பேறி. இன்சிடியஸ் ஆன்செட் என்றால் சத்தமில்லாமல் உள்ளே வந்த நோய். பட்டியலில் சத்தமில்லாமல் கெடுதல் செய்வது. எக்ஸாசர்பேட், பேலியேட், லேபைல், ஈக்விவோகல், கோபியஸ் எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள். உடம்பிலிருந்து நீரை வடிக்கும் ட்ரெயின் குழாயில் வரும் நீர் சாங்குவினியஸ் என்று எழுதுவோம், ரத்தம் கலந்தது. சாங்குவின் என்றால் பட்டியலில் நம்பிக்கையோடு இருப்பவன். பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் ரத்தம் மிகுந்தவன் உற்சாகமானவன், கபம் மிகுந்தவன் அசையாதவன், அதுதான் ஃப்ளெக்மாட்டிக். பித்தம் மிகுந்தவன் முன்கோபி, அது காலெரிக். கரும்பித்தம் மிகுந்தவன் சோகமானவன், அது மெலன்காலிக். வாதம், பித்தம், கபம் என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை நினைவில் வைப்பதா கஷ்டம்? முதல் வாரம் நீங்கள் டியூட்டியில் எழுதும் சொற்களிலிருந்து ஒரு ஐம்பதைப் பட்டியலோடு ஒப்பிட்டு எடுங்கள். அப்புறம்தான் தெரியாத சொற்களுக்குப் போக வேண்டும். தெரிந்ததில் தொடங்குகிறவருக்குத் தெரியாதது அவ்வளவு பூதாகரமாகத் தெரியாது.

கட்டுரை எழுதும் பகுதி ஒன்றே ஒன்றுதான் இப்போது, 30 நிமிடம். சார்ட் நடையில் முறிந்த வாக்கியங்களாக எழுதிவிடாமல், நிலைப்பாடு, இரண்டு காரணம், எதிர்வாதம் ஒன்று என்று முழு வாக்கியங்களில் எழுதினால் போதும். உதாரணத்துக்கு வார்டு அனுபவத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நோயாளியின் அடையாளம் மட்டும் வேண்டாம்.

மருந்து பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நர்ஸ்கள் அறையில் இது அடிபடும் பேச்சு. ப்ரொப்ரனலால் ஒன்று போட்டுக்கொண்டால் நடுக்கம் தெரியாது என்று யாராவது நீட்டுவார்கள். வாங்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் அது ஆபத்து, இதயத் துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும்தான். உண்மையிலேயே தேவை என்று தோன்றினால் உங்கள் டாக்டரைப் பார்த்து, அவர் தந்தால், தேர்வில்லாத ஒரு நாளில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். லோராசெபாம் மாதிரி மருந்துகள் பதற்றத்தோடு சேர்த்து நினைவையும் மந்தமாக்கும், தேர்வு நாளில் அது கிட்டவே வரக்கூடாது. காபி எப்போதும் குடிக்கும் அளவு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மூச்சுப் பயிற்சி என்றால், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவது, ஐந்து தடவை. பிரசவ வலியில் இருக்கும் எத்தனை பேருக்கு நாம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! நமக்கு நாம் சொல்லிக்கொள்வதில்லை.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, டியூட்டியிலும் படபடப்பு வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதைத் தேர்வுப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். பல மருத்துவமனைகளில் ஊழியர்களுக்கான இலவச ஆலோசனை வசதி இருக்கிறது, பேசுவது ரகசியமாக இருக்கும். நாம்தான் அதை நோயாளிகளுக்கும் ஜூனியர்களுக்கும் சொல்லிவிட்டு நாம் போகாமல் இருப்போம். ஏற்கெனவே மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, உரிய மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளையும் இடிஎஸ் பரிசீலிக்கும். அதற்கு நாளாகும், கடைசி வாரத்தில் போய்க் கேட்க முடியாது.

இப்போது லாயக்கு. கணக்கும் ஆங்கிலமும் தனித்தனியாக 130லிருந்து 170 வரை மதிப்பெண் தரப்படும். அந்த எண் நீங்கள் பள்ளிக்கூடக் கணக்கை இந்த மாதம் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். மயக்கத்தில் இருக்கும் ஒருவரின் மூச்சை உங்கள் கையில் ஒப்படைக்கலாமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வதற்கு உங்கள் ஒன்பது வருட ஐசியு இருக்கிறது, பரிந்துரைக் கடிதங்கள் இருக்கின்றன, நேர்முகம் இருக்கிறது. தேர்வும் ஒரே தடவையோடு முடிந்துவிடுவதில்லை. 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து தடவை வரை. எந்தத் தேதி மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஐந்து வருடம் செல்லும். ஆகவே, முடிந்தால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே முதல் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால், முதல் வாய்ப்பில் கை பாதிதான் நடுங்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று. அட்மிஷன் அலுவலகங்களுக்கு ஃபோன். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் தேர்வுப் பதிவில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. நம் இனிஷியலும் அப்பா பெயரும் இங்கே படுத்துகிற பாடு உங்களுக்கே தெரியும், தேர்வு மையத்தின் வாசலில் அதைத் தீர்க்க முடியாது. மூன்றாவது, அடுத்த ரோஸ்டர் வருவதற்கு முன்பே மேனேஜரிடம் பேசி, தேர்வுக்கு முந்தைய நாலு இரவுகளாவது டியூட்டி இல்லாமல் வாங்கிக்கொள்வது. காரணம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம், வீட்டு வேலை என்று சொல்லுங்கள். லீவு கிடைக்காவிட்டால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேடுங்கள். எனக்கு அந்த வாரம் ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்தது ஒரு பிலிப்பினோ தோழி. பதிலுக்கு அவளுடைய கிறிஸ்துமஸ் இரவு டியூட்டியை நான் பார்த்தேன்.